எந்தக் கம்பெனி வெள்ளை?

பேரு அஞ்சாப்புலி. ஆனா ஆளு எல்லாத்துக்கும் அஞ்சுவாரு. நாய்க்கு அஞ்சுவாரு, இடிக்கு அஞ்சுவாரு, கரண்டு ரீடிங் எடுக்க வர்ற ஆளுக்கு அஞ்சுவாரு. பொண்டாட்டி வேம்புக்கு அஞ்சுறதுக்கு மட்டும் மரியாதைன்னு வேற பேரு வெச்சிருந்தாரு. எல்லாத்துக்கும் மேல வைரக்கண்ணு முதலாளிக்கு அஞ்சுவாரு.

கோடியக்கரை போற வழியில உப்பங்கரைன்னு ஒரு ஊரு. ஊருல பாதி உப்பளம் வைரக்கண்ணு முதலாளியோடது. அவரோட கொடவுன், ஆபீஸ், வீடு, மாட்டுக்கொட்டாய் எல்லாத்துக்கும் வருசா வருசம் வெள்ளையடிக்கிறது அஞ்சாப்புலி. உப்புக்காத்து சுவத்தைத் தின்னுக்கிட்டே இருக்கும், இவரு பூசிக்கிட்டே இருப்பாரு. ரெண்டு பேரும் அப்படியே பொழப்பை ஓட்டிக்கிட்டிருந்தாங்க.

இவ்வளவு பயந்த மனுசனுக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு.

"ஒரு பொட்டு எடம் விடமாட்டேன்," அப்படின்னுவாரு. "பூதக்கண்ணாடி வெச்சுப் பாருங்க. பல்லி இருந்த எடத்துலகூட பல்லியைத் தள்ளிவிட்டுட்டு அடிச்சிருப்பேன்."

அப்படித்தான் ஒரு நாள் செராபின் டீச்சர் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போனாரு.

டீச்சர் நாகப்பட்டினத்துல டிராயிங் டீச்சரா இருந்தவங்க. பிள்ளைங்க அத்தனை பேரும் சூரியனை மஞ்சளா ஒரு தோசை மாதிரி போட்டு, சுத்தி சீப்புப் பல்லாட்டம் கோடு இழுத்துக் குடுக்க, அதுக்கெல்லாம் மார்க்கு போட்டுப் போட்டு ஒரு நாள் பேனாவை மூடி வெச்சுட்டு உப்பங்கரைக்கு வந்துட்டாங்க. அஞ்சாப்புலியோட கடைசித் தங்கச்சி வயசுதான் இருக்கும். காலையில ஒரு முக்காலி, ஒரு பலகை, ஒரு குவளைத் தண்ணி, கலர்ப் பெட்டி. நேரா உப்பளத்து வரப்பு. வானத்தை வீடு அளவுக்குப் போடுவாங்க, மனுசனை எறும்பு அளவுக்குப் போடுவாங்க. ஊரு அவங்களுக்கு வெச்ச பேரு வெயில் டீச்சர்.

அன்னைக்கு அஞ்சாப்புலி முன்ரூம் சுவத்துக்கு மூணு கோட்டு சுண்ணாம்பு அடிச்சு முடிச்சுட்டு, இடுப்புல கைய வெச்சு ரசிச்சுக்கிட்டு நின்னாரு. அந்தச் சுவத்தோரமா டீச்சரோட படம் ஒண்ணு சாய்ஞ்சிருந்துச்சு. வெயில்ல ஒரு கொடவுன் சுவரு.

அஞ்சாப்புலி தன் சுவத்தைப் பாத்தாரு. காகிதத்துல இருந்த சுவத்தைப் பாத்தாரு. திரும்பத் தன் சுவத்தைப் பாத்தாரு.

காகிதத்துச் சுவருதான் வெள்ளையா இருந்துச்சு.

ஜன்னலை நல்லாத் தொறந்துவிட்டுட்டுப் பாத்தாலும் அப்படித்தான் இருந்துச்சு.

"டீச்சர்," அப்படின்னாரு. "இது எந்தக் கம்பெனி வெள்ளை?"

"எங்கிட்ட வெள்ளையே கெடையாதுண்ணே."

"வெளையாடாதீங்க."

டீச்சர் கலர்ப் பெட்டியைத் தொறந்து கையில குடுத்தாங்க. நீலம் இருந்துச்சு, காவி இருந்துச்சு, மஞ்சள் இருந்துச்சு, பேரு தெரியாத பழுப்பெல்லாம் இருந்துச்சு. வெள்ளை இல்லை. பெட்டியைக் கவுத்துப் பாத்தாரு. அடியில தட்டிப் பாத்தாரு.

"எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"தேடிப் பாருங்க," அப்படின்னு டீச்சர் சிரிச்சாங்க.

அந்த வெள்ளையைக் கண்டுபுடிக்கிறதுக்குன்னே அஞ்சாப்புலி டீச்சர்கிட்ட சிஷ்யனாச் சேந்தாரு.

அது ஆச்சு ஒரு வருசம். வேலை இல்லாத நாளெல்லாம் வரப்புல டீச்சருக்குப் பக்கத்துல இன்னொரு முக்காலி. வானம் போடக் கத்துக்கிட்டாரு. தண்ணி போடக் கத்துக்கிட்டாரு. காகிதத்தை ஈரமாக்கி, கலரை எங்க ஓடவிடணும், எங்க நிறுத்தணும்னு கத்துக்கிட்டாரு. ஒண்ணு மட்டும் வரலை. இவரு போட்ட வானத்துல வெளிச்சம் இல்லை. காலையைப் போட்டாலும் சாயங்காலமா இருந்துச்சு, உச்சி வெயிலைப் போட்டாலும் சாயங்காலமா இருந்துச்சு.

டீச்சரோ ஒரே உப்புப் பாத்தியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டிருந்தாங்க. வெடியும்போது ஒண்ணு, உச்சியில ஒண்ணு, பொழுது சாயும்போது ஒண்ணு.

"இந்த ஒரு பாத்தியையே எத்தனை தடவை டீச்சர் போடுவீங்க?"

"இது எங்கண்ணே ஒரு பாத்தியா இருக்கு?"

இப்படித்தான். கேள்வி கேட்டா கேள்வியே வரும்.

ஒரு நாள் பொறுக்க மாட்டாம அஞ்சாப்புலி ஒரு வேலை பண்ணாரு. நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்பை வேட்டித் துணியில வடிகட்டி, சொட்டு நீலம் விட்டு, சின்ன டப்பியில அடைச்சு எடுத்துக்கிட்டு வந்து, டீச்சர் அந்தப் பக்கம் திரும்புனப்ப தன் படத்துல சூரியன் இருக்க வேண்டிய எடத்துல ஒரு அப்பு அப்பிட்டாரு. காயுற வரைக்கும் ஜோரா இருந்துச்சு. காய்ஞ்சதும் பொருக்குத் தட்டி, காத்துல சூரியன் அப்படியே உதிந்து அவர் மடியில விழுந்துச்சு.

டீச்சர் அதைப் பாத்தாங்க. திட்டலை. ஒரு புதுக் காகிதத்தை எடுத்து நீட்டுனாங்க.

"இது என்ன நெறம்?"

"எது, இதா? இன்னும் ஒண்ணும் பூசலையே டீச்சர். பூசாததுக்கு ஏது நெறம்?"

"சரி. நாளைக்கு வாங்க."

"பதில் சொல்லலையே?"

"நீங்கதான் சொல்லிட்டீங்களே."

அஞ்சாப்புலி வீட்டுக்குப் போற வழியெல்லாம் மண்டையைச் சொறிஞ்சாரு. பொம்பளை மழுப்புது, வெள்ளையைக் காட்ட மனசு வரலைன்னு முடிவு கட்டிட்டாரு.

இதுக்கு நடுவுலதான் வைரக்கண்ணு முதலாளிக்குப் படத்து மேல ஆசை வந்துச்சு. மெட்ராஸ்லேருந்து வந்த யாரோ ஒரு அதிகாரி டீச்சரோட படத்தைப் பாத்துட்டு ரெண்டு வார்த்தை பாராட்டிட்டுப் போயிட்டாரு. உடனே முதலாளிக்குத் தன் புது ஆபீஸ்ல தன்னோட உப்பளம் படமாத் தொங்கணும். வெள்ளிக்கிழமை தொறப்பு விழா. மெட்ராஸ்லேருந்து ஒரு பெரியவர் வர்றாரு.

டீச்சர் சரின்னாங்க. வைகாசியில ஒரு காலைல போட்டாங்க. எப்படிப்பட்ட காலைங்கிறீங்க? வானம் கன்னங்கரேல்னு திரண்டு நிக்குது. கோடை மழை. ஆம்பளை பொம்பளை எல்லாம் தென்னங்கீத்தைத் தூக்கிக்கிட்டு உப்பு அம்பாரத்தை மூட ஓடுறாங்க. முதலாளி குடையைப் புடிச்சுக்கிட்டு 'ஓடு ஓடு'ன்னு கத்துறாரு. அஞ்சாப்புலி இடிக்குப் பயந்து லாரிக்கு அடியில பூந்து காதைப் பொத்திக்கிட்டாரு. டீச்சர் மட்டும் முக்காலியை விட்டு எந்திரிக்கலை. மழைத்துளி பலகையில விழுது, விழட்டும்னு போட்டுக்கிட்டே இருக்காங்க. அப்பத்தான் மேகம் நடுவுல கிழிஞ்சு, ஒரே ஒரு கணம் கீழ இருந்த பாத்தி மேல வெயில் விழுந்துச்சு.

அந்தப் படம்தான் முதலாளி மேசைக்கு வந்து சேந்துச்சு. அஞ்சாப்புலி புது ஆபீஸ்ல ஏணி மேல நின்னு கடைசிக் கோட்டு அடிச்சுக்கிட்டிருந்தாரு. கீழ முதலாளி, பக்கத்துல கணக்கர் பக்கிரிசாமி, எதிர்ல டீச்சர்.

"நான் என்ன கேக்குறேன்," அப்படின்னாரு முதலாளி. கேள்வி இருந்தாலும் இல்லாட்டியும் அவரு அப்படித்தான் ஆரம்பிப்பாரு, மூக்கால. "இது என் உப்பளமா?"

"உப்பளமா?" அப்படின்னாரு பக்கிரிசாமி. முதலாளி பேச்சோட வாலை எடுத்துத் திருப்பிச் சொல்றதுதான் அவரு உத்தியோகம்.

"ஆமாங்க."

"அப்ப உப்பு எங்க?"

"எங்க?"

டீச்சர் சுண்டுவிரல் நகத்தால ஒரு எடத்தைக் காட்டுனாங்க.

"என்னம்மா இது! ஈ உக்காந்த மாதிரி இருக்கு?"

"அது உப்பு இல்லீங்க. நீங்க. குடை புடிச்சு நிக்கிறீங்க. உப்பு உங்களுக்குப் பின்னாடி இருக்கு."

ஏணி மேல அஞ்சாப்புலி சிரிப்பை அடக்கச் சுண்ணாம்பு அடிக்கிற மட்டையைக் கடிச்சாரு. நாக்கு வெந்துபோச்சு.

"போகட்டும். நடுவுல இது என்ன ஓட்டை? காகிதம் தெரியுது!"

"அதுதான் வெயிலு."

"இது காகிதம்!"

"ஆமாங்க."

"பூச மறந்து விட்டுட்டீங்க!"

"மறக்கலை. விட்டிருக்கேன்."

"நான் என்ன கேக்குறேன், வர்றவரு பெரிய மனுசன். வைரக்கண்ணு அரைகொறையா வாங்கி மாட்டியிருக்கான்னு சொல்லமாட்டாரா? அங்க மஞ்சளை வெச்சு, ரவுண்டா ஒரு சூரியனைப் போட்டு, சுத்தி நாலு கோடு இழுத்துக் குடுங்க."

"மாட்டேன்."

"மாட்டேன்," அப்படின்னுட்டாரு பக்கிரிசாமி, பழக்கதோசத்துல. முதலாளி திரும்பி முறைச்ச முறைப்புல அவரு மூக்குக்கண்ணாடி வழுக்கி எறங்கிடுச்சு.

"யாருகிட்ட பேசுறீங்கன்னு தெரியுதா?"

"தெரியாமயா? படத்துலயே போட்டிருக்கேனே," அப்படின்னாங்க டீச்சர், அதே சுண்டுவிரலால ஈயைக் காட்டி. குரல் உசரலை. "புடிச்சிருந்தா மாட்டுங்க. புடிக்கலைன்னா திருப்பிக் குடுங்க. அந்த எடத்துல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. நானும் வைக்கமாட்டேன்."

சொல்லிட்டு விறுவிறுன்னு வெளிய நடந்துட்டாங்க.

அஞ்சாப்புலி ஏணியிலேருந்து எறங்கி, வரப்பு மேல பின்னாடியே ஓடுனாரு.

"டீச்சர்! டீச்சர்! நில்லுங்க. அந்தாளு பொல்லாதவரு. ஊர்ல குடியிருக்க விடமாட்டாரு. அந்த வெள்ளையைக் கொஞ்சம் குடுங்க, நானே நைசா வெச்சுட்டு வந்துடுறேன்."

"எந்த வெள்ளை?"

"ஒளிச்சு வெச்சிருக்கீங்களே, அது!"

"இன்னுமாண்ணே தேடுறீங்க?"

அஞ்சாப்புலிக்கு அழுகையே வந்துடுச்சு. "வெளிச்சத்தை எப்படித்தான் போடுறது டீச்சர்? ஒரு வருசமாக் கேக்குறேன். நேராச் சொல்லுங்க. எனக்கு இருக்குற மூளைக்குச் சுத்தி வளைச்சா ஏறாது."

டீச்சர் நின்னாங்க. பாத்தித் தண்ணியில வானம் கெடந்துச்சு. அதைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க.

"விட்டுடுங்கண்ணே."

அவ்வளவுதான். போயிட்டாங்க.

அஞ்சாப்புலி திரும்பிப் பாக்காம வீட்டைப் பாத்து நடந்தாரு.

வீட்டுக்கு வந்து, பிரஷ்ஷு, பலகை, கலர்ப் பெட்டி எல்லாத்தையும் சாக்குல கட்டிப் பரண் மேல எறிஞ்சாரு.

"என்னாச்சு?" அப்படின்னா வேம்பு.

"டீச்சரு விட்டுடச் சொல்லிட்டாங்க."

"எதை?"

"எதையா? படம் போடுறதைத்தான்! இந்த வயசுல உனக்கு எதுக்குய்யா இந்தக் கூத்து, மட்டையைப் புடிச்ச கைக்கு பிரஷ்ஷு ஒரு கேடான்னு..."

"அப்படியா சொன்னாங்க?"

"சொல்லலை. அர்த்தம் அதானே?"

"எதைன்னு கேட்டீங்களா?"

"கேக்கலை."

"வருசம் பூரா வெள்ளை எங்க வெள்ளை எங்கன்னு அந்த மனுசியை அரிச்செடுத்தீங்க. கேக்க வேண்டியதைக் கேக்க வாயில்லை," அப்படின்னுட்டு வேம்பு சோத்தைப் போட்டா.

அஞ்சாப்புலி சாப்புடலை. மறுநாள்லேருந்து வெறி புடிச்ச மாதிரி வெள்ளையடிச்சாரு. சுவத்தை அடிச்சாரு, மதிலை அடிச்சாரு, மாட்டுத் தொட்டியை அடிச்சாரு. குறுக்க வந்த கோழி ஒண்ணுக்கு வாலும் வெள்ளையாப் போச்சு. ஒரு பொட்டு எடம் விடலை.

வியாழக்கிழமை மதிலோரமா முதலாளி வந்து நின்னாரு.

"அந்தம்மா உன்னையும் விரட்டிடுச்சாமே?"

"விரட்டிடுச்சாமே?" அப்படின்னாரு பக்கிரிசாமி.

அஞ்சாப்புலி தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

"நான் என்ன கேக்குறேன், ஒரு வருசம் கத்துக்கிட்டல்ல? ஒரு சூரியன் போடத் தெரியாது? நாளைக்கு விடிஞ்சதும் ஆபீஸுக்குப் போ. சாவி இவன் தருவான். மஞ்சளும் வாங்கி வெச்சாச்சு. ஃப்ரேம் போடுற ஆளு வர்றதுக்குள்ள அந்த ஓட்டையை அடைச்சு வை. அடைச்சா, படத்துக்குக் கீழ உன் பேரையே எழுதிக்க. ஓவியர் அஞ்சாப்புலி. வர்ற பெரியவர் கையால உனக்கு ஒரு துண்டு."

ஓவியர் அஞ்சாப்புலி. அந்த ரெண்டு வார்த்தை காதுக்குள்ள பூந்து தேனாட்டம் எறங்குச்சு.

"அடைக்கலைன்னா, இனிமே என் சுவத்துப் பக்கம் உன் மட்டை வரக் கூடாது. கொடவுனும் கெடையாது, வீடும் கெடையாது. வேற எங்க போய் அடிப்ப? கடலுக்கா?"

"கடலுக்கா?"

அஞ்சாப்புலி தலையைத் தூக்காமயே சொன்னாரு, "அடைச்சிடுறேங்க."

பயத்துல பாதி, கோவத்துல பாதி. என்னைப் பாத்தா விட்டுடுங்கன்னு சொன்னீங்க டீச்சர்? நாளைக்குப் பாருங்க.

வெள்ளிக்கிழமை. வாசல்ல வாழைமரம் கட்டியிருந்துச்சு. அஞ்சாப்புலி ஆபீஸைத் தொறந்து உள்ள போனாரு. சுத்தி அவர் அடிச்ச சுவரு, பளீர்னு. நடுவுல மேசை. மேசை மேல படம். பக்கத்துல மஞ்சள் பாட்டில், ஒரு குவளைத் தண்ணி, புது பிரஷ்ஷு.

பாட்டிலைத் தொறந்தாரு. பிரஷ்ஷை எடுத்தாரு. தண்ணியில நனைக்கப் போனவரு, எங்க ஆரம்பிக்கிறதுன்னு பாக்கப் படத்தைக் குனிஞ்சு பாத்தாரு.

இத்தனை நாளா அந்தப் படத்தை ஏணி மேலேருந்துதான் பாத்திருந்தாரு. இப்பத்தான் கிட்டத்துல.

கன்னங்கரேல்னு மேகம். மழைத்துளி விழுந்து கலைஞ்ச எடமெல்லாம் அப்படியே இருந்துச்சு. கீத்தைத் தூக்கிக்கிட்டு ஓடுற சனம். குடையோட ஈ. ஓரமா லாரி. லாரிக்கு அடியில பொட்டு மாதிரி என்னமோ ஒண்ணு. உத்துப் பாத்தாரு. ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டிருந்துச்சு.

"அட, என்னையும் போட்டிருக்கு பாரு," அப்படின்னு முணுமுணுத்தாரு.

அந்தக் காலை ஞாபகம் வந்துச்சு. லாரிக்கு அடியில கண்ணை இறுக்கி மூடிக்கிட்டிருந்தாரு. இடி ஓஞ்ச மாதிரி இருந்துச்சேன்னு ஒரு கண்ணைத் தொறந்தாரு. அந்த ஒரு கணம்தான் மேகம் கிழிஞ்சுது. வெயில் பாத்தி மேல விழுந்துச்சு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

அது என்ன நெறமா இருந்துச்சு?

மஞ்சளான்னு யோசிச்சாரு. இல்லை. வெள்ளையா? அதுவும் இல்லை. வேற எல்லா எடத்துலயும் கறுப்பையும் நீலத்தையும் பூசிவெச்ச மாதிரி இருந்துச்சு. அங்க மட்டும் யாரும் எதையும் பூசாத மாதிரி இருந்துச்சு.

கிழக்கு ஜன்னல் வழியா வெயில் உள்ள வந்துச்சு. முதல்ல சுவத்துல விழுந்துச்சு. மூணு கோட்டு அடிச்ச சுவரு. சுவரு சுவராத்தான் இருந்துச்சு. அப்புறம் படத்துல விழுந்துச்சு.

அஞ்சாப்புலிக்குக் கண்ணு கூசுச்சு.

காகிதம்தான். வெறும் காகிதம். அன்னைக்கு டீச்சர் நீட்டுன அதே காகிதம். அவரு ஒரு கையால கண்ணை மறைச்சுக்கிட்டாரு, வரப்புல நின்னு சூரியனைப் பாக்குற மாதிரி.

காதுக்குள்ள வேம்பு கேட்டா: எதைன்னு கேட்டீங்களா?

"எதை?" அப்படின்னு வாய்விட்டே கேட்டாரு அஞ்சாப்புலி, ஆளில்லாத ஆபீஸ்ல.

கேட்ட வாய் மூடலை.

மெதுவா மஞ்சள் பாட்டிலை மூடுனாரு. பிரஷ்ஷைப் பக்கத்துல வெச்சாரு. அப்படியே நின்னுக்கிட்டிருந்தாரு.

எவ்வளவு நேரம்னு தெரியலை. வாசல்ல செருப்புச் சத்தம். பட்டு வேட்டி சரசரக்க முதலாளி உள்ள வந்தாரு, பின்னாடி பக்கிரிசாமி.

"அடைச்சாச்சா?"

"இல்லீங்க."

"ஏன்?"

"விட்டுட்டேன் முதலாளி."

"எதை விட்ட?"

"அந்த எடத்தை."

முதலாளிக்கு மூஞ்சி செவந்துடுச்சு. "அப்படின்னா உன் வேலையை விட்டுட்டன்னு சொல்லு!"

"விட்டுட்டன்னு சொல்லு!" அப்படின்னாரு பக்கிரிசாமி.

அஞ்சாப்புலி பயத்துல ஒரு எட்டு பின்னால வெச்சாரு. வாய் மட்டும் பின்வாங்கலை. "அதுவும் சரிதாங்க. அதையும் விட்டதா வெச்சுக்கங்க."

"என்னடா பேசுற? யாருடா உனக்குத் தைரியம் குடுத்தது? அந்தப் பொம்பளையா?"

"பாத்தியில தண்ணி கட்டுனப்புறம் உப்பு பூக்குற வரைக்கும் யாரையாவது உள்ள கால் வைக்க விடுவீங்களா முதலாளி? வெச்சவன் காலை வெட்டுவேம்பீங்க. இதுல மட்டும் ஏங்க என்னைக் கால் வைக்கச் சொல்றீங்க?"

"பேச்சுப் பேசுறியா? குடுடா அந்த பிரஷ்ஷை. நானே வைக்கிறேன். ஒரு சூரியன் போடத் தெரியாதா எனக்கு?"

முதலாளி பிரஷ்ஷைப் பிடுங்கி, பாட்டிலுக்குள்ள விட்டு, மஞ்சள் சொட்டச் சொட்டத் தூக்கிட்டாரு. அஞ்சாப்புலி என்ன பண்றோம்னு யோசிக்கவே இல்லை. படத்தைப் பலகையோட எடுத்துத் தலைக்கு மேல புடிச்சுக்கிட்டாரு.

முதலாளி ஆளு குள்ளம். ஒரு எட்டு எட்டுனாரு. ரெண்டாவது எட்டு எட்டுனாரு. மஞ்சள் அவரு பட்டு வேட்டியிலயே ரவுண்டா விழுந்துச்சு, நல்ல சூரியனாட்டம்.

"கீழ எறக்குடா!"

"மாட்டேங்க."

"பெரியவர் வர்ற நேரம்டா!"

"புடிக்கலைன்னா திருப்பிக் குடுங்கன்னாங்கல்ல டீச்சர்? உங்களுக்குப் புடிக்கலை. திருப்பிக் குடுக்கப் போறேன்."

"திருப்பிக் குடுக்கப் போறேன்," அப்படின்னாரு பக்கிரிசாமி. இந்தத் தடவை முதலாளி திரும்பி முறைச்சப்ப அவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டிருந்தாரு.

அஞ்சாப்புலி படத்தைத் தலைமேல தூக்கிக்கிட்டு, வாழைமரத்தைத் தாண்டி, அப்பத்தான் ஹாரன் அடிச்சுக்கிட்டு உள்ள நுழைஞ்ச காரைத் தாண்டி, ரோட்டுல எறங்கிட்டாரு. அப்புறம் படத்துக்குன்னு அடிச்சு வெச்ச ஆணியில என்னத்தை மாட்டுறதுன்னு தெரியாம, கடைசியில ஒரு உர மருந்துக் கம்பெனி காலண்டரை மாட்டுனாங்க. விழா அமர்க்களமாத்தான் நடந்துச்சாம்.

வழியில ஒரு நாய் குலைச்சுது. அஞ்சாப்புலி அதைக் கவனிக்கலை.

டீச்சர் வரப்புல இருந்தாங்க. அதே பாத்தி. அஞ்சாப்புலி படத்தை அவங்க முன்னாடி எறக்கி வெச்சுட்டு, பக்கத்துல இருந்த காலி முக்காலியில தொப்புனு உக்காந்தாரு. அது ஒரு வாரமாக் காலியா அங்கயேதான் கெடந்துச்சு போல, மேலெல்லாம் உப்பு பொரிஞ்சிருந்துச்சு.

"முதலாளி வேலை போச்சு டீச்சர்."

"ம்."

"வீட்டுல வேம்பு வெளக்கமாத்தோட நிப்பா."

"ம்."

"அடுத்த வருசம் யாரு சுவத்துக்கு அடிப்பேன்? என்ன திம்பேன்?"

டீச்சர் படத்தைத் தூக்கி அந்த எடத்தைப் பாத்தாங்க. காகிதம் அப்படியே இருந்துச்சு, ஒரு பொட்டுப் படாம.

அஞ்சாப்புலி முக்காலி விளிம்புல இருந்த உப்பைச் சுரண்டுனாரு.

"அப்படி என்ன டீச்சர் நான் பெருசாப் பண்ணிட்டேன்? ஒண்ணுமே பண்ணலையே! பிரஷ்ஷைத் தண்ணியில நனைக்கக்கூட இல்லை. சும்மா பாத்துக்கிட்டு நின்னேன். விட்டுட்டேன். அதுக்குப் போயி இவ்வளவா?"

டீச்சர் ஒரு புதுக் காகிதத்தை எடுத்து அவர் மடியில வெச்சாங்க.

"எந்தக் கம்பெனி வெள்ளைன்னு கேட்டீங்களேண்ணே."

"ஆமா?"

"விட்டுட்டேன்னீங்களே, அந்தக் கம்பெனிதான்."